போர்னியோ ஆற்றில் சிறு படகில் காட்டுயிர் பார்க்க: கடலூர், புதுச்சேரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

மலேசியாவின் சபா மாநிலம் போர்னியோ தீவின் வடக்கு முனையில் இருக்கிறது. அங்கே ஓடும் கினபத்தாங்கான் ஆறு 560 கிலோமீட்டர் நீளம். கடலை நெருங்கும் கீழ்ப்பகுதியில், எட்டுப் பத்துப் பேர் உட்காரும் படகில் ஏறினால் நீளமூக்குக் குரங்கும் இருவாச்சியும் கிட்டத்தட்ட உறுதி. ஒராங்குட்டானும் போர்னியோ யானையும் வாய்த்தால் உண்டு. இவ்வளவும் ஒரே ஆற்றங்கரையில் தெரிவதற்குக் காரணம் வருத்தமானது. சுற்றிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் வந்துவிட, விலங்குகளுக்கு மிஞ்சியது கரையை ஒட்டிய காட்டுப் பட்டைதான். 2005ஆம் ஆண்டு அதில் சுமார் 26,000 ஹெக்டேர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

நம் ஊர்ப்பக்கமிருந்து இதற்குப் போய்வர என்னென்ன காகிதம் வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று தமிழில் ஓரிடத்தில் கிடைக்காமல் நாங்கள் நிறையவே அலைந்தோம். விசாரித்த இடமெல்லாம் ஆளுக்கொரு பதில். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் பிச்சாவரம் போய்ப் பாருங்கள்

ஒரு லட்சம் செலவழிக்கும் முன் படகில் உட்கார்ந்து விலங்கு பார்ப்பது உங்களுக்கும் வீட்டாருக்கும் ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ளுங்கள். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர்தான். மோட்டார் படகு வேண்டாம். அது அகலமான வாய்க்காலோடு நின்றுவிடும். துடுப்புப் படகு எடுத்தால் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே குறுகிய கால்வாய்களுக்குள் போகலாம். காலையில் கிளம்பும் முதல் படகைப் பிடியுங்கள். வெயில் ஏறிவிட்டால் பறவைகள் அடங்கிவிடும்.

அங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆடும் படகில் பைனாகுலரைக் கண்ணில் வைத்து ஒரு மீன்கொத்தியைப் பிடிக்க முடிகிறதா? பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறதா? குழந்தைகள் இருந்தால் இரண்டாவது கேள்விதான் முக்கியம். புதுச்சேரிக்காரர்கள் ஊசுட்டேரிக் கரையில் நின்றே பைனாகுலர் பழகலாம். அங்கே இறக்கையை விரித்து உலர்த்தும் பாம்புத்தாராவைத்தான் கினபத்தாங்கானிலும் பார்க்கப் போகிறீர்கள்.

2. மாதத்தை முடிவு செய்யுங்கள்

மார்ச் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. நவம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை அங்கே மழை வெளுத்து வாங்கும். நம் கடலூரை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் சபாவின் கிழக்குக் கரையையும் நனைக்கிறது. ஆறு கரை புரண்டால் சாலையும் முழுகும், விடுதியும் முழுகும். அதனால் அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் திட்டமிடாதீர்கள், டிக்கெட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மே மாதம் கச்சிதம். ஜூன் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை ஐரோப்பியர்கள் கூட்டமாக வருவார்கள். அப்போது விடுதியும் படகும் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். மழை குறைந்த மாதமென்றாலும் மழைக்காடு மழைக்காடுதான். மாலையில் ஒரு மழை பெய்யும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. பாஸ்போர்ட்டும் பெயரும்

இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் பயணத்துக்கு நான்கைந்து மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். புதுச்சேரி, கடலூர் இரண்டுமே சென்னை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகின்றன. 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கால் என்றால் கூடுதலாக 2,000. வீடு கடலூரில், வேலை புதுச்சேரியில் என்று பலர் இருக்கிறோம். எந்த முகவரி கொடுக்கிறீர்களோ அந்த முகவரிக்குத்தான் போலீஸ் விசாரணை வரும். மாநிலமே வேறு என்பதால் காவல் நிலையமும் வேறு. விசாரணைக்கு நேரில் இருக்கக்கூடிய முகவரியைக் கொடுங்கள்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் உள்ளவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள். மலேசியாவுக்குள் நுழையும் நாளில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும்.

அடுத்தது பெயர். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாகவே இருக்கும். விமான நிறுவனத்தின் படிவமோ அந்த இடத்தை நிரப்பாமல் நகராது. சிலர் இனிஷியலைப் போடுகிறார்கள், சிலர் பாஸ்போர்ட்டில் இல்லாத அப்பா பெயரைப் போடுகிறார்கள். எங்கள் குழுவில் ஒருவருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்ட் இனிஷியலை நிரப்பி வைத்திருந்தார். கவுண்டரில் அதைத் திருத்தி வாங்குவதற்குள் எல்லோருக்கும் மூச்சு நின்றுவிட்டது. ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு என்ன போட வேண்டும் என்று ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு விதி இருக்கிறது. பல இடங்களில் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் மூலம் எடுத்தால் பணம் கட்டும் முன் திரையைக் காட்டச் சொல்லிப் பாஸ்போர்ட்டோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் அவர்கள் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி தேவை) என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்று கொடுக்காதவர்களுக்கு அது விழுந்திருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் உண்டு. சுற்றுலாவுக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனாலும் சென்னை விமான நிலையக் குடிவரவு மேசையில் கேள்வி வரும். திரும்பும் டிக்கெட், விடுதி முன்பதிவு, கூட வரும் பிள்ளையின் பாஸ்போர்ட் எல்லாம் ஒரே கோப்பில் கையில் இருக்கட்டும். 50 வயது கடந்தவர்களும் வருமான வரி கட்டுகிறவர்களும் அந்தக் குறிப்பை நீக்கிக்கொள்ள முடியும். நேரம் இருந்தால் அதைச் செய்துவிடுங்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் பல. அவர்களுக்கு மலேசியாவில் 90 நாள் வரை விசா வேண்டாம். ஊர் திரும்ப ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வேண்டும். அதை வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

4. விமானத்துக்கு முன் விடுதி

எல்லோரும் முதலில் டிக்கெட் தேடுகிறார்கள். விடுதியை முதலில் பேசி முடியுங்கள். ஆற்றங்கரை விடுதிகள் சபாவின் கிழக்குக் கரை நகரமான சண்டக்கானின் விமான நிலையத்திலிருந்தோ, பக்கத்திலுள்ள செபிலோக்கிலிருந்தோ குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வண்டி அனுப்பும். அது தெரிந்த பிறகுதான் விமான நேரம் பார்க்க முடியும்.

தங்குவதற்கு முக்கியமாக இரண்டு ஊர்கள்: சுக்காவ், பிலிட். சண்டக்கானிலிருந்து சாலை வழியே இரண்டரை மணி நேரம் பிடிக்கும். குளிர்சாதன விடுதியும் உண்டு, ஆற்றோர மக்களின் வீட்டிலேயே தங்கும் ஏற்பாடும் உண்டு. வீட்டில் தங்குவது மலிவு. சோறும் மீனும் நமக்குப் புதிதில்லை.

என் கருத்து இதுதான்: அறைக்குக் கொடுக்கும் பணத்தைக் குறையுங்கள், படகில் இருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். விளம்பரத்தில் நீச்சல் குளம் தெரியும், படகு எத்தனை முறை கிளம்பும் என்பது தெரியாது. ஒரு இரவு மட்டும் தங்கும் திட்டத்தில் ஒரு மாலை, ஒரு காலை, அவ்வளவுதான். அந்த மாலை மழை பெய்துவிட்டால் கதை முடிந்தது. குறைந்தது இரண்டு இரவு. யானை பார்க்க ஆசை இருந்தால் மூன்று.

முன்பணம் அனுப்பும் முன் இவற்றைக் கேளுங்கள். ஒரு படகில் எத்தனை பேர்? இருபது பேர் படகென்றால் வேறு விடுதி பாருங்கள். குரங்கு தெரியும் பக்கம் எல்லோரும் நகர்ந்தால் படகு அந்தப் பக்கம் சாயும். விலங்கை நெருங்கும்போது ஓசையில்லாத மின் மோட்டார் போடுவார்களா? மெனங்குல் என்ற கிளையாற்றுக்குள் போவார்களா? அது குறுகலான ஆறு, மரங்கள் தலைக்கு மேலேயே இருக்கும். இரவுப் படகு கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா? மழைக்கு ரத்தானால் மறுநாள் ஈடு செய்வார்களா? போக்குவரத்து சேர்ந்ததா? வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. அது விலையில் அடக்கமா? சைவம் சாப்பிடுகிறவர்கள் மீன் சாஸ், நெத்திலித் தூள் கூட வேண்டாம் என்று விளக்கமாக எழுதுங்கள். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் கோழியை மட்டும் தவிர்த்துவிட்டுப் பரிமாறும் இடங்கள் உண்டு.

5. விமானம்

சென்னையிலிருந்து கோலாலம்பூர் நான்கு மணி நேரம். திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. சிதம்பரம், விருத்தாசலம் பக்கத்துக்காரர்கள் இரண்டு விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து சண்டக்கானுக்கு உள்நாட்டு விமானம், மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி நேரே போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்குப் பொறுப்பும் அவர்களுடையது. தனித்தனியாக எடுத்தால் விலை குறையலாம். ஆனால் கோலாலம்பூரில் குடிவரவு முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அங்கே இரண்டு முனையங்கள் உண்டு. ஏர் ஏசியா இரண்டாவதில், மலேசியா ஏர்லைன்ஸ் முதலாவதில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரயில் அல்லது பேருந்தில் போக வேண்டும். நடுவே நான்கு மணி நேரமாவது விடுங்கள்.

மலிவு டிக்கெட்டில் பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம். கேமரா லென்ஸோடு 7 கிலோ கைப்பையில் அடங்காது. டிக்கெட் எடுக்கும்போதே எடையை வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் வாங்கினால் பல மடங்கு.

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னை போகும் பேருந்தில் கிளாம்பாக்கம் நிலையத்தில் இறங்கினால் விமான நிலையம் அதே ஜிஎஸ்டி சாலையில்தான். விமானம் நள்ளிரவு என்றாலும் மாலையே கிளம்பிவிடுங்கள். ஞாயிறு மாலை அந்தச் சாலையை நம்பவே முடியாது.

6. விசாவும் வருகை அட்டையும்

இந்தியர்கள் 2023 டிசம்பர் 1 முதல் சுற்றுலாவாக 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பின் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் நிலவரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

விசா இல்லை என்பதால் காகிதமே இல்லை என்று நினைக்க வேண்டாம். டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். குழந்தைகளுக்கும் தனித்தனியே. இது முற்றிலும் இலவசம். தேடினால் முதலில் வருவதெல்லாம் பணம் பிடுங்கும் போலித் தளங்கள். மலேசியக் குடிவரவுத் துறையின் அரசுத் தளத்தில் மட்டுமே நிரப்புங்கள். கார்டு விவரம் கேட்டால் அந்த நொடியே வெளியே வந்துவிடுங்கள்.

சபாவுக்குக் குடிவரவு அதிகாரம் தனி. கோலாலம்பூரில் முத்திரை வாங்கியிருந்தாலும் சண்டக்கானில் இறங்கியதும் மறுபடி பாஸ்போர்ட் காட்ட வேண்டும். உள்நாட்டு விமானம்தானே என்று அதைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். பெற்றோரில் ஒருவர் மட்டுமோ, சித்தப்பா மாமாவோ குழந்தையை அழைத்துப் போனால் பிறப்புச் சான்றும் வராத பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் எடுத்துச் செல்லுங்கள்.

7. பணம்

எங்கள் கணக்கில் ஒருவருக்கு எழுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் ரூபாய். விமானமே பாதியை விழுங்கிவிடும். ஒரு ரிங்கிட் இருபது ரூபாய்க்கு மேல் போகிறது. புதுச்சேரியில் நாணயம் மாற்றும் கடைகளில் யூரோ எப்போதும் இருக்கும், ரிங்கிட் சொல்லி வைத்தால்தான் வரும். பான் அட்டையும் பாஸ்போர்ட்டும் டிக்கெட் நகலும் கேட்பார்கள். ஆற்றங்கரை ஊர்களில் ஏடிஎம்மை நம்ப வேண்டாம். தேவையான ரொக்கத்தைச் சண்டக்கானிலேயே எடுத்துவிடுங்கள்.

8. உடம்பும் மூட்டையும்

கிளம்ப ஒரு மாதம் முன் மருத்துவரைப் பாருங்கள். சபாவில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் ஒரு வகை மலேரியா உண்டு. நாம் பார்க்கப் போவதே குரங்குகளை. எனவே மருந்து வேண்டுமா என்று இடத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது அவசர மருத்துவப் போக்குவரத்து அதில் உண்டா என்று பாருங்கள்; ஆற்றங்கரைக்குப் பெரிய மருத்துவமனை பக்கத்தில் இல்லை.

எட்டு மடங்கு காட்டும் 8x42 பைனாகுலர் வாங்குங்கள். பத்து மடங்கு காட்டுவது நல்லதுதானே என்று கடைக்காரர் சொல்வார். ஆடும் படகில் பத்து மடங்கு ஆட்டமும் சேர்ந்து தெரியும். ஆளுக்கொன்று வேண்டும், மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் பறவை போய்விடும். நீர் புகாத பை, மெல்லிய மழைக்கோட்டு, முழுக்கைச் சட்டை, காட்டு நடைக்கு அட்டைக்கடி தடுக்கும் நீளக் காலுறை. மலேசியாவில் தடித்த மூன்று சதுர முள் பிளக். நம் சார்ஜர் பொருந்தாது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

விலை உயர்ந்த கேமரா, லென்ஸ் கொண்டு போனால் கிளம்பும்போதே சென்னை சுங்க மேசையில் அவற்றின் எண்களைப் பதிந்து சான்று வாங்குங்கள். திரும்பும்போது வெளிநாட்டில் வாங்கியதா என்ற கேள்விக்கு அதுதான் பதில். இதற்கு நேரம் ஒதுக்கி முன்கூட்டியே போங்கள்.

9. செபிலோக்கில் ஓர் இரவு

சண்டக்கானில் இறங்கிய நாளே ஆற்றுக்கு ஓடாமல் செபிலோக்கில் தங்குங்கள். 1964இல் தொடங்கிய ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம் அங்கே இருக்கிறது. காலை 10, பிற்பகல் 3 மணிக்கு உணவு வைப்பார்கள். எதிரிலேயே சூரியக் கரடிகள் மையம். காலையில் இரண்டையும் முடித்தால் நண்பகல் வாக்கில் விடுதி வண்டியைப் பிடித்து மாலைப் படகுக்குப் போய்விடலாம். வெளிநாட்டவருக்கு நுழைவுச்சீட்டு உள்ளூர்க்காரர்களைவிட அதிகம், கேமராவுக்கும் தனிச் சீட்டு.

ஆற்றில் காட்டு ஒராங்குட்டான் கண்ணில் படாமலே போகலாம் என்பதால் இந்த நிறுத்தம் அவசியம். அங்கே ஒன்றை அருகில் பார்த்துவிட்டால், மறுநாள் மர உச்சியில் தெரியும் செம்பழுப்புத் திட்டு எது என்று கண் தானாகப் பிடிக்கும்.

10. படகில்

மாலைப் படகு நான்கு மணி வாக்கில். சூரியன் ஆறு மணி சுமாருக்கே இறங்கிவிடும், தாமதித்தால் இழப்பு நமக்குத்தான். நீளமூக்குக் குரங்குகள் பகலெல்லாம் உள்காட்டில் இலை தின்றுவிட்டு, இரவு தூங்கக் கரையோர மரங்களுக்கு வரும். மாலைப் படகின் சிறப்பே அதுதான். தொங்கும் மூக்கும் பானை வயிறுமாக ஒரு ஆண், சுற்றிப் பெண்களும் குட்டிகளும். கிளைக்குக் கிளை தாவும்போது மரமே ஆடும். உலகத்தில் போர்னியோ தவிர வேறெங்கும் இவை காட்டில் இல்லை. அவசரப்பட்டு அடுத்த இடத்துக்குப் போகச் சொல்லாதீர்கள், படகு அங்கேயே நிற்கட்டும்.

காலைப் படகு ஆறு மணிக்கு. பனிமூட்டத்தில் முதல் அரை மணி ஒன்றும் தெரியாது, கேட்க மட்டும்தான் முடியும். பிறகு இருவாச்சிகள் ஆற்றைக் கடக்கும். இந்தப் பகுதியில் எட்டு வகை இருவாச்சிகள் உண்டு. பெரியவற்றின் சிறகோசை முதலில் வரும், பறவை பிறகு வரும். அத்தி பழுத்த மரம் எங்கே என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். இருவாச்சியும் ஒராங்குட்டானும் அங்கேதான் கூடும். ஒராங்குட்டான் தினமும் மாலையில் புதிதாகக் கூடு கட்டித் தூங்கும். இலைகள் இன்னும் பச்சையாக உள்ள கூடு தெரிந்தால் ஆள் பக்கத்தில் இருக்கலாம்.

யானைக்கூட்டம் கரையோரப் புல்லைத் தேடி ஆற்றோடு நகர்ந்துகொண்டே இருக்கும். இந்த வாரம் எந்தப் பக்கம் என்பது படகுக்காரர்களுக்குத் தெரியும். தொலைவில் இருந்தால் கூடுதல் கட்டணத்தில் நீண்ட பயணம் ஏற்பாடு செய்வார்கள். என் மனதில் அது கொடுக்கத் தகுந்த பணம். ஆனால் குட்டியோடு நிற்கும் கூட்டத்தை ஐந்தாறு படகுகள் சூழ்ந்தால், கொஞ்சம் விலகி நிற்கச் சொல்லுங்கள். பணம் கொடுத்த பயணி சொன்னால் கேட்பார்கள்.

கையைத் தண்ணீரில் விடாதீர்கள். உவர்நீர் முதலைகள் உள்ள ஆறு இது, வெறும் எச்சரிக்கைப் பலகை வாசகமில்லை. உயிர் மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள். படம் எடுக்க எழுந்து நிற்காதீர்கள். எந்த விலங்குக்கும் பிஸ்கட் போடாதீர்கள்.

இரவுப் படகில் தூங்கும் மீன்கொத்தி, மீன் ஆந்தை, சில நாள் புனுகுப்பூனை. ஒரு முறை போனால் போதும். தூங்கும் பறவையின் கண்ணில் விளக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அணைக்கச் சொல்லலாம்.

11. திரும்பும்போது

சண்டக்கானில் இருவாச்சி அலகு, இறகு, ஆமை ஓடு, முதலைப் பல் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். மலேசியாவிலும் குற்றம், சென்னைச் சுங்கத்திலும் குற்றம். கரையில் கிடந்த இறகைக்கூடக் குழந்தையின் பையில் போட விடாதீர்கள். விடுதியிலிருந்து விமான நிலையத்துக்கு வண்டி காலைப் படகும் சாப்பாடும் முடிந்துதான் கிளம்பும். எனவே சண்டக்கானிலிருந்து புறப்படும் விமானம் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இருக்கும்படி எடுங்கள். இல்லாவிட்டால் கடைசிக் காலைப் படகை விட்டுவிட நேரும்.